தீனி அறுபத்தைந்து

மேரிக்கா இறந்த செய்திக்குக் கீழே கேக் படம் போட்டவன் நான்தான். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், இனி மறைத்துப் பயனில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் படம் வந்தது. சுற்றிலும் பூ, கீழே நாலு வரி எழுத்து. நான் ஆறாவதோடு நின்றவன். நாலு வரி என்றால் கண்ணாடி வேண்டும், கண்ணாடி வீட்டில். பூவைப் பார்த்தேன், சிரித்த முகத்தைப் பார்த்தேன், பிறந்தநாள் என்று நானே முடிவு செய்து மூன்றடுக்குக் கேக் ஒன்றை அனுப்பினேன். அடுத்த நிமிடம் டைப்பிங் மையத்துச் செல்வியிடமிருந்து போன்.

“அண்ணா, என்னாண்ணா போட்டிருக்கீங்க? மேரிக்கா போயிட்டாங்கண்ணா. காலையில சர்ச்சுக்குக் கெளம்பறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல.”

அழிக்கத் தேடிய அவசரத்தில் இன்னொரு கேக்கும் போய்விட்டது. அதையும் பார்த்திருப்பீர்கள். மேரிக்கா இருந்திருந்தால் கோபித்திருக்க மாட்டார். “ஒண்ணு பத்தாதாப்பா, ரெண்டு எதுக்கு?” என்று கேட்டிருப்பார். ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அவரைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சகாயமேரி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் மாடிக்கடை. கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தருவார், பழுதும் பார்ப்பார். அவர் பெட்டி வைக்கும் இடங்களுக்கெல்லாம் வயரிங் வேலை என்னுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் கேலி செய்வேன், அவர் திருப்பிக் கொடுப்பார். ஒரு சுவிட்ச் போர்டு மாட்டும் நேரத்தில் இரண்டு சண்டை, மூன்று சிரிப்பு. பதினாறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் புராசஸர் என்று ஒன்று இருக்கிறது. பிஸ்கட் அளவுதான். வேலை முழுவதும் அதுதான் செய்கிறது, கரண்டையும் அதுதான் பெரும்பாலும் தின்கிறது. ஊரெல்லாம் அதை மூளை என்று சொல்லும். மேரிக்கா மட்டும் வயிறு என்பார். “மூளைன்னு சொன்னா பெருசா வேணும்னு கேப்பாங்க. வயிறுன்னு சொன்னாத்தான் யோசிப்பாங்க.” அது தின்கிற வாட் கணக்குக்கு அவர் வைத்த பெயர் தீனி. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மாடு வைத்திருக்கிறவர்கள். வாட் என்றால் முழிப்பார்கள். தீனி எவ்வளவு என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அப்படித்தான் அந்தச் சொல் அவர் வாயில் ஒட்டி, பிறகு அவர் விலைப்பட்டியலிலும் ஏறியது. அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் சாகக் கிடந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஓர் அரிசிக்கடைக்காரரைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து வந்தவர். நாற்காலியில் உட்காரும்போதே கேட்டார்.

“எம் மச்சான் வச்சிருக்கறதவிடப் பெருசாக் குடுங்க.”

“என்னா வேலைக்குங்க?”

“பில்லு போடத்தான்.”

“மச்சான் அதுல என்னா பண்றாரு?”

“அவனும் பில்லுதான் போடறான்.”

“அப்ப அவரு வாங்கினதே பெருசுங்க. அதுல பாதி இருந்தா உங்களுக்குப் போதும்.”

“இல்லீங்க, கடைக்கு ஒரு கெத்து வேணுமில்ல?”

“கெத்துக்குப் பொட்டி மேல நீல லைட்டு போட்டுத் தர்றேன். அது ரெண்டே வாட்டுங்க.”

மனிதர் நீல விளக்கோடு சந்தோஷமாகப் போனார். நான் விடவில்லை. “ஏன்க்கா, பெருச வித்தா உனக்குத்தான லாபம்? ஏன் இப்படி வர்ற லட்சுமிய வாசல்லயே நிறுத்தி வாட் கேக்கற?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “பெரிய வயிறு சும்மா கெடக்கறப்பவும் தின்னுட்டேதான் இருக்கும் மணி. அது யாரு தட்டுலேருந்து எடுத்துத் தின்னுதுன்னு யோசிச்சிருக்கியா?” என்றார். கரண்டுக்கு ஏது தட்டு என்று அதற்கும் ஒரு கேலி சொன்னேன். தட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது இண்டூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரில்.

அங்கே மகளிர் குழுக்கள் சேர்ந்து பழைய ரேஷன் கடைக் கட்டிடத்தில் டைப்பிங் மையம் தொடங்க ஏற்பாடு செய்தன. பதினாறு கம்ப்யூட்டர், பதினாறு பெண்களுக்கு வேலை. அதில் முதல் ஆள் செல்வி. மையத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் வீடுதான் அவள் வீடு. அதோடு கரண்ட் கம்பம் முடிகிறது, அப்புறம் வயல்தான். லைனின் கடைசி வீடு என்றால் எங்கள் தொழிலில் ஒரு பொருள் உண்டு: மற்ற எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மீதிதான் அங்கே வந்து சேரும்.

அந்த வீட்டில் செல்வியின் அப்பா பெருமாள் அண்ணன் இருந்தார். கிரானைட் குவாரியில் டிரில் பிடித்த மனிதர், நுரையீரல் முழுக்கத் தூசி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குத் தரும் மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான்.

மேரிக்கா முன்பே அந்த ஊருக்குப் போய் லைனைப் பார்த்து வந்திருந்தார். இரண்டு பட்டியல் எழுதிக் கொடுத்தார். முதல் பட்டியலில் சின்னப் பெட்டி, ‘தீனி: 15’ என்று குறிப்பு. இரண்டாவதில் பெரிய பெட்டி, ‘தீனி: 65’. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்தவுடன் முதல் பட்டியலைத்தான் எடுப்பார்கள் என்று நம்பினார். மறுநாள் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சேலம் போய்விட்டார். கடையில் என்னை உட்காரவைத்தார். குழுத் தலைவி கோவிந்தம்மாவிடமிருந்து போன் வந்தது.

“மணி, ரெண்டாவது லிஸ்ட்டையே அனுப்பச் சொல்லிடுப்பா.”

“எதுக்கும்மா ரெண்டாவது?”

“அதுலதான தீனி ஜாஸ்தி போட்டிருக்காங்க.”

“தீனி ஜாஸ்தின்னா நல்லதுதாம்மா. ஒடம்பு தேறும்” என்று சிரித்தபடி இரண்டாவது பட்டியலைச் சுற்றி வட்டம் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். ஏன் அதைக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கேலிக்கு அவரும் சிரித்தார். இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்துக்குச் சிரித்திருக்கிறோம்.

மொத்த ஆர்டர் என்பதால் கம்பெனியிலேயே பூட்டிய பெட்டிகள், திறப்பு விழாவுக்கு முதல் நாள் நேராக மையத்தில் இறங்கின. மேரிக்கா முதல் அட்டையைக் கிழித்தார், அப்படியே நின்றுவிட்டார். இரண்டாவதைக் கிழித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில்தான் கோவிந்தம்மா உள்ளே வந்தார்.

“வாங்க மேரிம்மா. சாமானெல்லாம் வந்துடுச்சு, தீனி எப்ப வருது?”

“எந்தத் தீனிங்க?”

“என்னாங்க இப்படிக் கேக்கறீங்க? ஒரு லிஸ்ட்டுல பதினஞ்சு பேருக்கு, இன்னொண்ணுல அறுபத்தஞ்சு பேருக்குன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க? விழாவுக்கு அம்பதுக்கு மேல கூட்டம் வருது. அதான் ரெண்டாவதச் சொன்னோம். மிச்சரா, வடையா?”

வேறு நாளாக இருந்தால் நான் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். மேரிக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். அவர் ஒரு பெட்டியை மீட்டரில் மாட்டினார். சும்மா இருக்கும்போது நாற்பது வாட். வேலை கொடுத்ததும் வயிற்றின் அறுபத்தைந்தோடு மற்ற பாகங்களும் சேர்ந்து நூறைத் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெருமாள் அண்ணனின் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“செல்வி, அப்பாவுக்கு எச்சா சிலிண்டர் இருக்கில்ல?”

“காலியாயிடுச்சுக்கா. ரொப்பறதுக்குத் தர்மபுரிக்குப் போயிருக்கு. நாளன்னிக்குத்தான் வரும்.”

“விழாவத் தள்ளி வைங்க” என்றார் மேரிக்கா.

கோவிந்தம்மாவுக்குக் குரல் ஏறியது. “என்னாங்க பேசறீங்க? பத்திரிகை அடிச்சாச்சு. பெரியவங்கள அழைச்சாச்சு. இத நம்பிப் பதினாறு பொண்ணுங்க இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. இப்பத் தள்ளினா அப்புறம் எவன் நமக்கு வேலை குடுப்பான்?” அதுவும் நியாயம்தான். செல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வேலையின் சம்பளத்தில்தான் அப்பாவுக்கு இன்னொரு சிலிண்டர் வாங்கப்போகிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் ஓர் உடன்பாடு. முதல் வரிசையில் நாலு பெட்டி மட்டும் ஓடும், மற்ற பன்னிரண்டும் பார்வைக்கு. விழா முடிந்ததும் எல்லாவற்றையும் மேரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டு சின்னப் பெட்டிகளைக் கொண்டுவருவார். நாலு வரிசைக்கும் தனித்தனி சுவிட்ச், நான் போட்டதுதான். கரண்ட் வந்தால் பெட்டிகள் தானாகவே எழுந்துகொள்ளும்படி கம்பெனியிலேயே அமைத்து அனுப்பியிருந்தார்கள். “மத்த மூணு சுவிட்ச்சத் தொடாத மணி. இந்த ஒண்ணுல மட்டும் வெளையாட்டு வேணாம்” என்றார். சரிக்கா என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு விழா. காட்டு மோட்டார்களுக்கு மும்முனைக் கரண்ட் விடும் நேரமும் அதுதான். சுற்றுவட்டக் கிணறெல்லாம் ஒன்றாக இறைக்கத் தொடங்கும், லைன் தளர்ந்துபோகும். மேரிக்கா வாசல் ஓரமாக மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வோல்ட் மீட்டரோடு நின்றார். சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். பெயர் வேண்டாம், பெரிய மனிதர். பாதிப் பேச்சில் திரும்பிப் பார்த்தார்.

“என்னப்பா, நாலுதான் எரியுது? மத்ததெல்லாம் பொம்மையா? எல்லாத்தையும் போடுங்க, போட்டோவுல நல்லா விழட்டும்.”

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். பத்துப் பேர் பார்த்தாலே எனக்கு ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும்போல் ஆகிவிடும். இங்கே அறுபது பேர். “பொம்மையாங்க? இப்பப் பாருங்க பொம்ம கண்ணத் தெறக்கறத!” என்று மூன்று சுவிட்சையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். பன்னிரண்டு திரையும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு அடியில் சுவருக்கு அந்தப் பக்கம், வோல்ட் குறைந்தால் மிஷினுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடுகிற ஸ்டெபிலைசர் டக், டக் என்றது. பிறகு ‘பீப்’ என்று ஒரு நீளமான சத்தம். எங்களுக்கு அது ஏதோ ஒரு சத்தம். முதல் பெட்டிக்கு முன்னால் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்த செல்விக்கு அது என்னவென்று தெரியும். நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடினாள்.

மேரிக்கா ஓடவில்லை. கையை நீட்டி மெயினை இறக்கினார். பதினாறு திரையும், மைக்கும், விசிறியும் ஒன்றாக நின்றன. விருந்தினர் வாய் திறந்தபடி நின்றார். “யாரும்மா அது, பேசிட்டிருக்கறப்ப?” என்று கத்தினார்.

“பேச்ச நாளைக்கும் பேசலாங்கய்யா. மூச்ச நாளைக்கு விட முடியாது” என்று சொல்லிவிட்டு, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அந்த வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

பெருமாள் அண்ணன் கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழ நிறம். கழுத்து எலும்பு ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போய் வந்தது. செல்வி மிஷினின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் மெயினை இறக்கிவிட்டதால் லைனில் கரண்ட் தேறியிருந்தது, ஆனாலும் மிஷின் எழவில்லை. 

“ஸ்டெபிலைசர் மறுபடி கரண்ட் விட மூணு நிமிசம் எடுத்துக்கும்” என்றார் மேரிக்கா. சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. “அவருக்கு மூணு நிமிசம் கெடையாது. மணி, அதத் தாண்டி நேராச் சொருகு.”

“அக்கா, வோல்ட் பத்தலன்னா மிஷினே போயிடும்.”

அவர் சுவர்ப் பிளக்கில் மீட்டரைச் சொருகிப் பார்த்தார். அந்த இரண்டு வினாடியில் வாசலில் இருந்த கூட்டம் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. “இருநூத்திப் பத்து. சொருகு.”

ஸ்டெபிலைசரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் சொருகினேன். முதல் முறை தவறி விளிம்பில் பட்டது. முப்பது வருடத்தில் ஒரு பிளக்கைச் சொருகத் தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான். இரண்டாவது முறை உள்ளே போனது. மிஷின் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.  பெருமாள் அண்ணனின் உதட்டையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேச முடிந்ததும் பெருமாள் அண்ணன் முதலில் சொன்னது இதுதான்: “கை தட்டற சத்தம் கேட்டுச்சு. நான் போறதுக்குத்தான் தட்டறாங்களோன்னு நெனச்சேன்.”

செல்வி அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேரிக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இண்டூர் வரை வெளியே கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. இண்டூர் தாண்டிய பிறகு சொன்னார்: “எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியும்னு நெனச்சு தீனின்னு எழுதினது என் தப்பு. தெரிஞ்சுகிட்டே சுவிட்சப் போட்டது உன் தப்பு. என் தப்ப நான் திருத்திக்கறேன்.” அவ்வளவுதான். என்னுடையதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அடுத்த பட்டியலிலிருந்து ‘கரண்ட் தீனி’ என்று எழுதத் தொடங்கினார். பத்து நாளில் மையத்துக்குச் சின்னப் பெட்டிகள் வந்தன. பதினாறும் ஒன்றாக ஓடும்போது மேரிக்கா பெருமாள் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்து, மோட்டார் விடும் நேரம் முழுவதும் ஸ்டெபிலைசரைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். பெண்கள் அதில்தான் இன்றுவரை டைப் அடிக்கிறார்கள். வேகம் குறைவு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திரும்பி வந்த பதினாறு பெரிய பெட்டிகளைக் கடையில் வரிசையாக அடுக்கி வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தள்ளிவிடவில்லை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஸ்டுடியோக்காரருக்கு ஒன்று, கட்டிட பிளான் போடுகிற பெண்ணுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக வேலை பார்த்துக் கொடுத்தார். “பெருசு தப்பில்ல மணி. வேலை செய்யற மாட்டுக்குத் தீனி போட்டா யாரு கேப்பா?” என்பார். ஓர் அச்சகத்துக்காரர் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வந்தபோது, பழையதை மீட்டரில் மாட்டிப் பார்த்து, துடைத்து, அதையே கையில் கொடுத்தனுப்பினார். புதுசு ஒன்று செய்யவும் எங்கோ யாரோ ஒருவரின் தண்ணீரும் கரண்டும் போகிறது என்றார். நான் அதற்கும் ஏதோ கேலி சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, அவர் சொன்னதுதான் நினைவிருக்கிறது. கடைசிப் பெட்டி போக ஒன்றரை வருடம் ஆனது.

அடக்கத்துக்குப் பெருமாள் அண்ணன் வந்திருந்தார். செல்வியின் ஸ்கூட்டர் பின்னால், மடியில் சின்னச் சிலிண்டரைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு. டாக்டர், போக வேண்டாம் என்றாராம். “அந்தப் பொண்ணு குடுத்த மூச்சுல ஒரு நாள செலவு பண்ணக் கூடாதா?” என்று இவர் கேட்டாராம். மண் போடும்போது அவரால் குனிய முடியவில்லை. நான் அள்ளிக் கொடுத்தேன், அவர் போட்டார்.  பிறகு என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அந்தச் சுவிட்சைத் தள்ளிய கை அது என்று அவருக்குத் தெரியும்.

மேரிக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இப்போது எந்த இடத்தில் புது லைன் கொடுத்தாலும் சுவிட்சைத் தொடுவதற்கு முன் கடைசிக் கம்பம் வரை நடந்து போவேன். கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க வூட்டுல இப்ப என்னா ஓடுதுங்க?” என்று கேட்பேன். பதில் வாங்கி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டுதான் திரும்புவேன்.

போன வாரமும் பென்னாகரம் பக்கம் ஒரு வேலையில் அப்படிக் கேட்கப் போனேன். என் கையில் டெஸ்டரும், தோளில் ஏணியும் இருந்தன. வீட்டுக்காரர் என்னைக் கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவன் என்று எடுத்துக்கொண்டார். கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்திருந்த திருட்டு வயரை மறைக்க, கொல்லைப் பக்கமிருந்து வேகமாகச் சுருட்டினார். அது ஏணியில் மாட்டியது. ஏணி திரும்பியது, நானும் அதோடு திரும்பினேன். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. சாணிக்குழிக்குப் பக்கத்தில் படுத்தபடியே, உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். கிரைண்டர் என்றார். இடது கையால் குறித்துக்கொண்டேன்.